ஏலக்காட்டு ஜீப்பில் ஏறிய பிள்ளை

1

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்க மாட்டேன், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்பதே மத்தியானம் எனக்குச் சந்தேகமாகிவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். காகிதம் திருப்பி ஒன்றும் கேட்காது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வீட்டுக்காரர் போன பிறகு மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். காலையில் மகனும் மருமகளும் ஆளுக்கொரு காரில் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் நித்தின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுவான். அவனுக்குப் பதினாறு வயசு. வீட்டில் இருந்தாலும் அறைக் கதவு சாத்தியே இருக்கும். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். தோசை வேண்டுமா என்று கேட்டால் "ஐயாம் குட்" என்பான். நல்ல பிள்ளைதான், யார் இல்லை என்று சொன்னது என்று நானும் ரெண்டு தோசையைத் தட்டில் போட்டுவிடுவேன். வேண்டாம் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது.

போன வாரம் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். இங்கே பெரிய வகுப்புப் பிள்ளைகள் சம்பளம் வாங்காமல் ஊருக்காக இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும். செய்தால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. நித்தின், இல்லாதவர்களுக்கு அரிசி பருப்பு கொடுக்கிற ஓர் இடத்தில் டப்பா அடுக்கப் போய்க்கொண்டிருந்தான். அங்கிருந்த அம்மாள் மணிக்கணக்கு எழுதுகிற தாளில் கையெழுத்தை வேறு கோட்டில் போட்டுவிட்டாராம். பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிவிட்டது. இவன் திரும்பிப் போனால் அந்த அம்மாள் வேலையை விட்டே போய்விட்டார். புதிதாக வந்தவர், நான் பார்க்காததற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்கிறார். மகன் போன் மேல் போன் போட்டான். மூன்று பேர் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. செய்த வேலையை மறுபடி செய் என்று முடிந்தது.

நான் அவனிடம் கேட்டேன், நீ போகாத இந்த நாளெல்லாம் அங்கே உன்னைத் தேடினார்களா என்று.

"தேட மாட்டாங்க பாட்டி. வேற யாராவது வருவாங்க."

குறையாக அவன் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். ஆனால் அன்று முழுக்க எனக்குப் பாண்டிமீனாவின் ஞாபகமாகவே இருந்தது.

2

பாண்டிமீனா யாரென்று சொல்கிறேன். போன வருஷம் ஆடி கழிந்து ஊருக்குப் போனேன், கார்த்திகை வரை இருந்தேன். காமயகவுண்டன்பட்டியில் என் தங்கை செல்லத்தாயி வீடு. அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. தெருக்கோடியில், பழம் எடை போட்டுப் பெட்டி அடுக்குவதற்கு ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்கு எதிரேதான் விடியுமுன் ஏலக்காட்டு ஜீப் வந்து நிற்கும்.

நம் பக்கத்தவர்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூரில் பிறந்த பிள்ளைகள் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். ஆடி தொடங்கி தை வரைக்கும் மலைக்கு மேலே கேரளாப் பக்கம் ஏலக்காய்ப் பறிப்பு. நம் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகப் போய்விட்டுப் பொழுது சாய வருவார்கள். ஆள் சேர்க்கிறவருக்குக் கங்காணி என்று பெயர். எங்கள் தெரு ஜீப்புக்கு வேலுத்தாயி கங்காணி.

ஜீப்பில் இன்னாருக்கு இன்ன இடம் என்று உண்டு. ஒருத்தி நாலைந்து நாள் வரவில்லை என்றால் வேலுத்தாயி வேறு ஆளை ஏற்றிவிடுவாள். அப்புறம் அந்தப் பருவம் முடிகிற மட்டும் அந்த இடம் புது ஆளுக்குத்தான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மாறாது. அதனால் ஒருத்திக்கு முடியாமல் போனால், இடம் போய்விடக் கூடாதே என்று வீட்டிலிருந்து இன்னோர் ஆளை ஏற்றி விடுவார்கள். அந்த இன்னோர் ஆள் அநேகமாகப் பள்ளிக்கூடம் போகிற மகளாக இருக்கும்.

பாண்டிமீனா ஒன்பதாம் வகுப்பு. அவள் அம்மா ஈஸ்வரி இந்த ஜீப்பில் போகிறவள். அப்பா கூடலூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் வேலை, வாரத்துக்கு ஒரு தரம் வருவார். ஐந்து வயதில் ஒரு தம்பி. ஈஸ்வரி இருட்டில் கிளம்பிப் போன பிறகு தம்பியை எழுப்பி, குளிக்க வைத்து, ஊட்டி, அவன் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இவள் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். தினமும் மணி அடித்து முடிந்திருக்கும். தினமும் முதல் பாடத்துக்கு வெளியே நிற்பாள். முதல் பாடம் கணக்கு.

நான் அவளை முதலில் பார்த்தது தெருக்குழாயடியில். அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"கனடா அம்மாச்சி, அங்கன பனி ரோட்டுலயே கெடக்குமாமே. அள்ளித் தின்னா காசு கேப்பாகளா?"

காசு கேட்க மாட்டார்கள், ஆனால் அதன் மேல் நாய் போயிருக்கும் என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தத் தெருவில் என்னிடம் கூச்சமில்லாமல் பேசினது அவள்தான். எனக்கும் அவளிடம் கூச்சம் வரவில்லை. படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். அரையாண்டோடு நின்றுவிடப் போவதாகச் சொன்னாள், ஏதோ கடைக்குப் போய்வரப் போவதைப் போல.

"வெளிய நிக்கிறதுக்கு எதுக்கு அம்மாச்சி யூனிபாரம்?"

3

அந்தப் பள்ளிக்கூடத்தில் அமுதா டீச்சர் என்று ஒருவர். ஜெயமங்கலத்துக்காரர், கம்பத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு டவுன் பஸ்ஸில் வருவார். கணக்கு டீச்சர். பாண்டிமீனாவை வெளியே நிற்க வைத்ததும் அவர்தான். முந்தின வருஷம் அவர் வகுப்பில் இரண்டு பெண்கள் ஜீப்பில் ஏறினவர்கள் திரும்ப வரவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் யோசித்தது இது. அம்மாக்கள் மலைக்குப் போனதிலிருந்து பள்ளி மணி அடிக்கிற வரைக்கும், அந்தத் தெருக்களின் சின்னப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. அதைப் பாடத்தோடு சேர்த்துவிடுவது. பிள்ளைகளின் எடை, உயரம் கணக்குப் பாடம். என்ன ஊட்டுகிறோம், ஏன் காய்ச்சல் வருகிறது என்பது அறிவியல். அவர்கள் பேசுகிறதைக் கதையாக எழுதினால் தமிழ். மார்க்கும் உண்டு. ஊர்ப்பணி என்று பேர் வைத்திருந்தார்.

பள்ளிக்கூடத்திலேயே நடத்தலாமென்றால், நேரத்துக்கு முன்னால் கேட்டைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றுவிட்டார் தலைமையாசிரியர். டீச்சர் எழுதிக் கேட்டாராம். எந்தத் திட்டத்தின் கீழ் என்று கேட்டுப் பதில் வந்ததாம். திட்டமே இல்லாததால்தான் கேட்கிறோம் என்று இவர் எழுத, அதற்குப் பதிலே இல்லை. கனடாவில்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

அதனால் ஒரு சாயங்காலம் செல்லத்தாயியிடம் வந்து கொட்டகையைக் கேட்டார். செல்லத்தாயி யோசிக்கவே இல்லை. பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள், எலி உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பன்களைக் கொட்டகையில் கூப்பிட்டு டீச்சர் விளக்கினார். எல்லாரும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். பாண்டிமீனாவின் அம்மா ஈஸ்வரி மட்டும் எழுந்து நின்றாள்.

"படிக்க அனுப்புனா புள்ள மேய்க்கவா சொல்றீக டீச்சரம்மா? எங்க ஆத்தா அடுத்த வீட்டுப் புள்ளைகளுக்குக் கழுவிவிட்டே காலத்த ஓட்டுனா. எம்மக மார்க்குக்காக அதையே செய்யணுமாக்கும்?"

டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. சுற்றிலும் பார்த்தவர், கடைசியில் மூலையில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். கனடாவில் பிள்ளைகள் இப்படிச் செய்கிறார்களாமே, நீங்கள் சொல்லுங்கள் என்றார். ஆமாம், அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளும் சம்பளமில்லாமல் செய்கின்றன என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஈஸ்வரி என் பக்கம் கோபமாகப் பார்க்கவில்லை. பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அங்கன செய்யிற புள்ள, செஞ்சுட்டு அது வீட்டுக்குப் போயிரும் பெரியம்மா. எங்க புள்ள செஞ்சா அதுலயே வச்சிருவாக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கு யோசித்தாலும் அவள் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. ஒரே வேலைதான். யார் வீட்டுப் பிள்ளை செய்கிறது என்பதைப் பொறுத்து அது வேறு வேறாகிவிடுகிறது.

டீச்சர் பெரிதாக ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் மகள் இதே வேலையை இப்போதும் தனியாகச் செய்துகொண்டுதான் இருக்கிறாள், அதற்காக நான் அவளை வெளியே நிற்க வைக்கிறேன், இனிமேல் அதுவே அவளுடைய முதல் பாடமாக இருக்கட்டும் என்றார். ஆண் பிள்ளைகளும் செய்வார்கள், எல்லாத் தெருப் பிள்ளைகளும் செய்வார்கள் என்றார். மூக்குச் சிந்திவிடுவதற்கு மார்க் கிடையாது, அதிலிருந்து படிப்பதற்குத்தான் மார்க் என்றார். இரண்டு தகப்பன்கள் எழுந்து போய்விட்டார்கள். பொன்னுத்தாயி என்கிற ஒருத்தி, மூன்று வயதுப் பெண்ணை வீட்டில் பூட்டிவிட்டு மலைக்குப் போகிறவள், தனக்கு மார்க்கெல்லாம் தெரியாது, நாளைக்கே கொண்டுவந்து விடுகிறேன் என்றாள்.

ஈஸ்வரி சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. மறுநாள் இருட்டில் பார்த்தால் மகளையும் மகனையும் கொட்டகை வாசலில் விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள்.

4

முதல் வாரம் ஒரே அழுகை. பெரிய பிள்ளைகளும் அழாத குறைதான். ஆண் பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடத் தெரியவில்லை. பொன்னுத்தாயி மகள் தேனு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்காது. பாண்டிமீனா அதைத் தூக்கி ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, வெளியே போகிற பஸ் ஒன்றுக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். பஸ் வராத நேரத்தில் மாட்டு வண்டியையும் பஸ் என்று சொல்லிவிடுவாள். தேனு ஒத்துக்கொண்டது.

எடை பார்க்கிற நாள்தான் எல்லாருக்கும் பிடித்தது. கொட்டகை உத்திரத்தில் திராட்சை எடை போடுகிற தராசு தொங்கும். பழப் பெட்டியில் சாக்கை விரித்து, அதற்குள் பிள்ளையை உட்கார வைத்து, கொக்கியில் மாட்டுவார்கள். பெட்டி எடையைக் கழிக்க வேண்டும். பழ வியாபாரத்தில் பெட்டி எடை கழிக்கிறது நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும், கணக்குப் புத்தகத்தில் வந்தால்தான் தெரியாது. பாண்டிமீனாவின் தம்பி பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் பன்னீர்த் திராட்சையா, விதையில்லாததா என்று கத்துவான். நீ அழுகல், கழிவுப் பெட்டிக்குப் போ என்பாள் அக்கா.

அந்த எடைகளைக் கரும்பலகையில் கோடு போட்டு வரைந்து, எந்தப் பிள்ளைக்கு ஏறுகிறது, எதற்கு ஏறவில்லை என்று கணக்குப் பாடத்தில் பேசுவார்களாம். தேனுவின் கோடு ஒரு மாதமாகப் படுத்தே கிடந்தது. பாண்டிமீனா அதைத் தன்மேல் குற்றமாக எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் என்னிடம் வந்து, ரெண்டு பஸ் கூடுதலாக விட்டுப் பார்க்கிறேன் அம்மாச்சி என்றாள். கோடு நிமிர்ந்த நாளில் அவள் அடித்த தம்பட்டம் தெரு முழுக்கக் கேட்டது.

அவள் இப்போது நேரம் கழித்துப் போவதில்லை. மணி அடிக்குமுன் சின்னதுகளை வரிசையாக நடத்திக்கொண்டு போய் அவற்றின் பள்ளிக்கூடத்திலும் பால்வாடியிலும் விட்டுவிட்டு, பெரிய பிள்ளைகளெல்லாம் ஒன்றாக உள்ளே போவார்கள். அரையாண்டோடு நிற்கிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

5

ஐப்பசி மழையில் ஈஸ்வரி ஏலக்காட்டுச் சரிவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மாதமாவது குனியக் கூடாது என்று கம்பம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏலம் செடியின் தூரில் காய்க்கிறது. குனியாமல் அங்கே ஒரு வேலையும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாண்டிமீனா ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். யாராவது கேட்டால் பதினெட்டு வயதென்று சொல்லச் சொல்லியிருந்தாள் வேலுத்தாயி. நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பதினஞ்சு நாளைக்குத்தான் அம்மாச்சி. அம்மா இடம் போயிறக் கூடாதுல்ல."

அந்தப் பதினைந்து நாளை எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்குத் தம்பி பிறந்தபோது நான் மலைக்குப் போனதும் ஒரு மாதத்துக்குத்தான். அப்போது ஜீப் கிடையாது, மேலேயே தங்கிப் பறிக்க வேண்டும். நான் கீழே வந்திருந்த சமயம் வாத்தியார் ஒரு தரம் வீடு தேடி வந்தார். நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்று அம்மா சொன்னாள். அவர் அதை நம்பினாரோ என்னவோ, அப்புறம் வரவில்லை. அம்மாவும் பொய் சொல்லவில்லை. அந்த அடுத்த மாதம் வரவேயில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் பாண்டிமீனாவிடம் சொல்லியிருக்கலாம். ஜீப் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஈஸ்வரி வீட்டுக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். பிள்ளையை அனுப்பாதே என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க என்ன சொல்ல வந்தீகன்னு தெரியும் பெரியம்மா. இடம் போச்சுன்னா வர்ற ஆடி வரைக்கும் எவ கூப்புடுவா? டீச்சரம்மாவும் வந்து சொல்லிட்டுத்தான் போனாக. அவுகளும் ஒரு மாசம் கழிச்சாவது அனுப்புன்னுதான் சொல்றாக."

அவள் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் சமாளித்தார்கள். ஆனால் தேனு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யார் பஸ் காட்டினாலும், அது பஸ் இல்லை என்றது. நாலைந்து நாளில் அது காய்ச்சலில் விழுந்தது. பொன்னுத்தாயியும் இரண்டு நாள் மலைக்குப் போகவில்லை. மற்றச் சின்னதுகளும் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு ஜீப்படிக்கே வர ஆரம்பித்தன.

6

காய்ச்சல் விட்டு, பொன்னுத்தாயி தேனுவைத் தூக்கிக்கொண்டு வந்த காலை அது. விடிய ஆரம்பித்திருந்தது. நான் கொட்டகைப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். தேனு அம்மா இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, நேரே ஜீப்புக்குப் போய், பின்படியில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. அழவில்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பாண்டிமீனா விரல் விரலாக விடுவித்தாள். ஒரு கையை விடுவித்தால் இன்னொரு கை வந்தது.

பொன்னுத்தாயி ஜீப்புக்குக் கிட்டே வந்தாள்.

"நீ எறங்குத்தா."

"எங்கம்மா இடம்?"

"ஒங்கம்மா இடத்த யாரும் தூக்கிட்டுப் போகல. எறங்கு."

முன்சீட்டிலிருந்து வேலுத்தாயி தலையை நீட்டினாள். இடத்தைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்டாள். ஆள் குறைந்தால் மேலே எஸ்டேட்காரனுக்கு யார் பதில் சொல்வது என்றாள்.

"அப்ப நீ எறங்கி எம்புள்ளைக்கு இட்லி ஊட்டு வேலுத்தாயி. நாங்க போயி ஏலம் பறிச்சுட்டு வாறோம்."

ஜீப்புக்குள் யாரோ சிரித்தார்கள். பொன்னுத்தாயி சிரிக்கவில்லை. தூக்குவாளியைக் கீழே தரையில் வைத்தாள். அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி இறங்கினாள், அவளுக்கும் கொட்டகையில் ஒரு பையன். அப்புறம் இன்னொருத்தி. கொட்டகையில் பிள்ளை இல்லாத இரண்டு பேர் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். ஜீப்பில் வேலுத்தாயி, டிரைவர், பாண்டிமீனா மூன்று பேர்தான்.

டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னும் நேரமானால் செக்போஸ்ட்டில் வரிசை நீண்டுவிடும் என்றான். வேலுத்தாயி கத்திப் பார்த்தாள். கூடலூரில் ஆளுக்கா பஞ்சம், நாளைக்கே வேறு ஆளை நிரப்புகிறேன் என்றாள். நிரப்பு, அவர்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பையன் வேலுத்தாயியை அம்மாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தான். அவளுடைய மகள் பிள்ளை. அவனையும் அவள்தான் தினமும் கொண்டுவந்து விடுவாள்.

வேலுத்தாயி அப்புறம் கத்தவில்லை. ஆள் கணக்குக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். பொன்னுத்தாயி, பக்கத்து ஊரிலிருக்கிற என் மாமியாரை வரவழைத்து ஏற்றிவிடுகிறேன், ஈஸ்வரி எழுந்ததும் இறக்கிவிடுகிறேன் என்றாள்.

"ஒன் மாமியா ஏறுனா எறங்குமா?" என்று கேட்டாள் வேலுத்தாயி. இப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

பாண்டிமீனா இறங்கினாள். சட்டையைக் கழற்றி உதறி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஜீப் போன பிறகு தேனுவைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கண் கலங்கியிருந்தது.

"படின்னு சொல்லி ஒருத்தரும் எறக்கல அம்மாச்சி. புள்ள பாக்கத்தான் எறக்குனாக."

7

பாண்டிமீனா சொன்னதை அமுதா டீச்சரிடம் சொன்னேன். எதுக்காக இறக்கினா என்னம்மா, மணி அடிக்கும்போது அவ கேட்டுக்கு உள்ளே இருக்கா, அதுக்கு மேல உள்ளது என் வேலை என்றார்.

ஒரு மாதக் கூலி அந்த வீட்டுக்கு இல்லாமல் போனது. ஜீப்புப் பெண்கள் முறை வைத்து அரிசியும் காயும் கொடுத்தார்கள். போதுமானதாக இருந்திருக்காது. ஈஸ்வரி வாங்கிக்கொண்டாள், ஆனால் யார் முகத்தையும் பார்த்து வாங்கவில்லை. கார்த்திகையில் நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் மறுபடி ஜீப்பில் ஏறினாள். பொன்னுத்தாயியின் மாமியார் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் இரண்டு பேரையும் நெருக்கி உட்கார வைத்தார்கள்.

இங்கே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நித்தினைப் பள்ளியில் வைத்திருக்க இங்கே சட்டம் உண்டு, அதிகாரிகள் உண்டு. ஒரு நாள் போகாவிட்டால் மெஷினே போன் பண்ணிவிடும். அவன் வேலை செய்த இடத்தில் அவனை யாரும் தேடவில்லை. பாண்டிமீனாவுக்கு அந்த மாதிரி மெஷின் ஒன்றும் கிடையாது, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சட்டையைப் பிடித்தது. எது நல்லது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. என்னைக் குதிருக்குப் பின்னாலிருந்து யாராவது எதற்காகவாவது இழுத்திருந்தால், எதற்கு இழுத்தாய் என்று கேட்டிருக்க மாட்டேன் என்று மட்டும் தோன்றுகிறது. ஆனால் பாண்டிமீனா கேட்டாள். கேட்கிற அளவுக்கு அவள் என்னைவிட மேலே வந்துவிட்டாள்.

இப்போது அவள் பத்தாம் வகுப்பில் இருக்க வேண்டும். மறுபடி ஆடி வந்து போய், ஜீப்புகள் மலையேறிக்கொண்டிருக்கும். அமுதா டீச்சருக்கு மாறுதல் வந்து பெரியகுளம் பக்கம் போய்விட்டாராம். கொட்டகை நடக்கிறதா என்று செல்லத்தாயியிடம் போனில் கேட்டேன். நடக்கு, நடக்கு என்றாள். பாண்டிமீனா போகிறாளா என்று கேட்டேன். போறா, போறா என்றாள். எங்கே போகிறாள் என்று கேட்பதற்குள் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். என் தங்கை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள். அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இருக்காக, இருக்காக என்றுதான் சொன்னாள்.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் யாராவது ஒரு காலையில் எனக்காக ஒரு நடை போய்ப் பார்க்க முடியுமா? காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் கொட்டகைத் தெரு என்று கேட்டால் காட்டுவார்கள். தேனுவுக்கு வயது மூன்றா நாலா, தம்பி படிப்பது எந்தப் பள்ளிக்கூடம், டீச்சர் எந்த ஊருக்கு மாறினார், இதிலெல்லாம் நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். ஆனால் முதலில் ஜீப்புக்குள் பாருங்கள். பெரிய சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு இருந்தால் ஆள் அடையாளம் தெரியாது, அதனால் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லையென்றால் கொட்டகைக்குள் பாருங்கள். நல்லா இருக்கா என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.